கேம் ஆன்லைன் போகவில்லை, ஹேக் செய்துவிட்டார்களா? அவசரம்

அணில்குட்டி (சனி, காலை 10.42)
நண்பர்களே, அவசரம். நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடியது. இன்று காலையிலிருந்து ஆன்லைன் போகவே மாட்டேன் என்கிறது. சைன் இன் கொடுத்தால் ஏதோ எரர் வருகிறது. ஆஃப் செய்து ஆன் செய்தும் பார்த்தாயிற்று. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டிருக்கிறான். "சர்வரை இறக்கியது நாங்கள்தான்" என்று ஏதோ ஹேக்கர் குழு பீற்றிக்கொள்கிறது. என் கணக்கில் அப்பாவின் கார்டு சேமித்திருக்கிறது. பிளாக் செய்யச் சொல்லவா? எத்தனை மணிக்குச் சரியாகும்? இரவு மேட்ச் இருக்கிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வயர்மேன் (10.51)
எந்தக் கன்சோல்? எரரில் என்ன எண்? வைஃபையா கேபிளா? வீட்டில் போன், டிவி எல்லாம் நெட்டில் ஓடுகிறதா? இவை தெரியாமல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது தம்பி.

டிஎன்எஸ்_தாசன் (10.53)
டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை, அதில்தான் பிரச்சினை, வேறு ஒன்றும் இல்லை. நெட்வொர்க் செட்டிங்ஸில் போய் 8.8.8.8, அடுத்ததில் 8.8.4.4 போடுங்கள். எனக்கு எல்லாமே இதில்தான் சரியாகியிருக்கிறது.

திருகாணி (11.05)
"ஏதோ எரர்", "ஏதோ ஹேக்கர் குழு". கேள்வி கேட்கும் முன் படிக்கச் சொல்லி மேலே ஒரு பதிவு ஒட்டி வைத்திருக்கிறோம். அதை யாரும் திறப்பதாகவே தெரியவில்லை. சர்வர் படுத்திருந்தால் அவர்களுடைய நிலவரப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் ஹேக்கர், கார்டு, அப்பா என்று ஒரு கதை.

பழையமோடம் (11.20)
திருகாணி, பையன் பதற்றத்தில் கேட்கிறான், விடுங்கள்.

தம்பி, அந்த ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். சர்வர் தானாகப் படுத்தாலும் "நாங்கள்தான்" என்று சொல்ல ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். 2014 ஆகஸ்ட் 24 அன்று சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் விழுந்தபோதே இந்தக் கூத்து நடந்தது. லிசர்ட் ஸ்குவாட் என்ற ஹேக்கர் குழு "எங்கள் வேலை" என்றது. ஃபேம்டு காட் என்ற பெயரில் இன்னொருவர் வந்து, அது தன் வேலை என்றார். சர்வரை இறக்கியதைவிட அந்தப் பெயர் யாருக்கு என்பதில்தான் சண்டை. அதே நாளில் ஒரு விமானத்தில் வெடிகுண்டு இருக்கலாம் என்று லிசர்ட் ஸ்குவாட் கணக்கிலிருந்து ட்வீட் போனது. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் தலைவர் ஜான் ஸ்மெட்லி ஏறியிருந்த விமானம் அது. சான் டியேகோ போக வேண்டியது ஃபீனிக்ஸில் இறங்கியது.

2025 பிப்ரவரியிலும் அந்த நெட்வொர்க் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தது. உடனே ஹேக்கர் என்று வதந்தி கிளம்பியது. சோனி சொன்னதோ "செயல்பாட்டுச் சிக்கல்" என்பது மட்டும்தான். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் 5 நாள் சேர்த்துக் கொடுத்துவிட்டு அதோடு முடித்துக்கொண்டார்கள்.

எலிப்பொறி (11.34)
மோடம் ஐயா, எல்லாமே பீற்றல் என்று சொல்லிவிட முடியாது. 2011 ஏப்ரலில் அதே பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் உண்மையிலேயே உள்ளே புகுந்தார்கள். 7.7 கோடிக் கணக்குகளின் விவரம் போனது. ஏப்ரல் 20 அன்று நெட்வொர்க்கை மூடிவிட்டு, விவரம் திருடுபோனது என்று மக்களிடம் சொன்னது 26 அன்றுதான். திரும்பத் திறக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. பாதுகாப்பில் கோட்டை விட்டதற்காக பிரிட்டனின் தகவல் ஆணையர் 2013 ஜனவரியில் இரண்டரை லட்சம் பவுண்ட் அபராதம் போட்டார். பையன் கார்டுக்குப் பயப்படுவதில் தப்பே இல்லை.

பழையமோடம் (11.48)
நீங்கள் சொல்வது புகுந்து எடுத்தது. நான் சொல்வது டிடாஸ், பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வெற்றுக் கோரிக்கைகளைக் கொட்டி சர்வரைத் திணறடிப்பது. ரேஷன் கடை வாசலில் நூறு பேர் சும்மா வந்து நின்றுகொண்டு வழியை மறித்தால் யாருக்கும் அரிசி கிடைக்காது. ஆனால் மூட்டை உள்ளேயேதான் இருக்கும். 2014 கிறிஸ்துமஸ் அன்று எக்ஸ்பாக்ஸ் லைவ், பிளேஸ்டேஷன் நெட்வொர்க் இரண்டையும் லிசர்ட் ஸ்குவாட் இறக்கியது இந்த வகை. புதுக் கன்சோலைப் பரிசாக வாங்கிய பிள்ளைகள் எல்லாம் ஒரே நாளில் உள்ளே வரும் நேரம் பார்த்து அடித்தார்கள். அதில் யாருடைய கார்டும் போகவில்லை. பூட்டை உடைப்பது வேறு, வாசலை மறிப்பது வேறு.

எலிப்பொறி (11.55)
வாசலில் கலாட்டா நடக்கும்போது பின்பக்கமாக ஒருவன் புகுந்தால்? 2011இல் அப்படித்தான். பிஎஸ்3 கன்சோலின் பூட்டை உடைத்த ஜார்ஜ் ஹாட்ஸ் என்கிற ஜியோஹாட் மீது சோனி வழக்குப் போட்டது. அந்தக் கோபத்தில் அனானிமஸ் என்ற ஹேக்கர் கூட்டம் டிடாஸ் அடித்துக்கொண்டிருந்தது. அதைச் சமாளிக்கும் மும்முரத்தில் புகுந்தவனைக் கவனிக்கவில்லை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் சோனியே சொல்லியது.

டிஎன்எஸ்_தாசன் (12.02)
பையன் டிஎன்எஸ் மாற்றிப் பார்த்தாரா?

அணில்குட்டி (பிற்பகல் 1.15)
சாப்பிடப் போயிருந்தேன், மன்னிக்கவும். பிஎஸ்4. எரர் டபிள்யூஎஸ்-37397-9. வைஃபை. ஃபைபர் இணைப்பு, எங்கள் ஊர் கேபிள்காரர் மூலமாக எடுத்தது. போன், டிவி எல்லாம் ஓடுகிறது. நிலவரப் பக்கத்தில் எல்லாம் பச்சையாக இருக்கிறது. டிஎன்எஸ் மாற்றினேன், அப்படியேதான் வருகிறது. அப்பா கார்டை பிளாக் செய்யப் போகிறேன் என்கிறார், சொல்லுங்கள்.

வயர்மேன் (1.24)
இந்த எண்ணை முதலிலேயே போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்திருக்கலாம். சர்வர் இறங்கியதால் வரும் எரர் இல்லை இது. உங்கள் ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) வருவதை அவர்கள் தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கன்சோலிலோ கணக்கிலோ கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. கார்டை பிளாக் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்துக்கொண்டால் போதும்.

இப்போதே இதைச் செய்யுங்கள். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கன்சோலை அதில் சேருங்கள். அப்போது சைன் இன் ஆனால் சிக்கல் உங்கள் ஃபைபர் பக்கம்தான்.

அணில்குட்டி (1.31)
நான் ஒன்றும் செய்யவில்லையே அண்ணா? என் ஐபியை ஏன் தடுக்க வேண்டும்?

திருகாணி (1.40)
நாட் டைப் 3 ஆக இருக்கும், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உள்ளே விடாத நிலை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை நேராகக் கன்சோலுக்கு அனுப்புவது) செய்யத் தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வயர்மேன் (1.52)
நாட் டைப் 3 என்றால் பார்ட்டி சாட் அறுபடும், சிலரோடு சேர்ந்து ஆட முடியாது. சைன் இன்னே தடைபடாது. இங்கே போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் பயன் இருக்காது. காரணம் இதுதான்:

சிறிய இணையச் சேவைக்காரர்கள் பலர் வீட்டுக்கு ஓர் ஐபி கொடுப்பதில்லை. ஐபிவி4 என்கிற பழைய வகை முகவரிகள் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. நிறைய வீடுகளை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். சிஜி-நாட் என்பார்கள். அந்தப் பொது ஐபி உங்கள் ரவுட்டரிடம் இருக்காது, அதனால்தான் அங்கே போர்ட் திறந்தும் பயனில்லை. அந்த வரிசையில் யாராவது ஒருவருடைய ரவுட்டரிலோ சிசிடிவி கேமராவிலோ வைரஸ் ஏறி, அது ராப்பகலாகக் கண்ட இடத்தில் லாகின் முயற்சி செய்துகொண்டிருந்தால், கேம் நிறுவனம் அந்த ஐபியையே தடுத்துவிடும். உங்களுக்கும் சேர்த்து அடி.

சரிபார்ப்பது சுலபம். ரவுட்டர் பக்கத்தைத் திறந்து வான் ஐபி (வெளிப்பக்க முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் சிஜி-நாட் என்பது உறுதி. "என் ஐபி என்ன" என்று தேடினால் வருவதும் ரவுட்டரில் இருப்பதும் வேறு வேறாக இருந்தாலும் பெரும்பாலும் அதேதான்.

பழையமோடம் (2.10)
பார்த்தீர்களா, சுற்றி வளைத்து அங்கேயே வந்துவிட்டது. லிசர்ட் ஸ்குவாட் வைத்திருந்த படையே இந்த மாதிரி வீட்டு ரவுட்டர்கள்தான். கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட ஆயிரக்கணக்கான ரவுட்டர்களை வைத்து லிசர்ட் ஸ்ட்ரெஸ்ஸர் என்று ஒரு வாடகைச் சேவை நடத்தினார்கள். காசு கட்டினால் நீங்கள் சொல்லும் இடத்தை அடித்துக் கொடுப்பார்கள். கிறிஸ்துமஸ் தாக்குதலே அந்தக் கடைக்கு விளம்பரம்தான். அந்தத் தாக்குதலை நிறுத்த, மெகா என்ற கோப்புச் சேமிப்புச் சேவையைத் தொடங்கிய கிம் டாட்காம் 3,000 மெகா வவுச்சர் கொடுத்ததும் தெரிந்திருக்கும். அப்புறம் ஆள் அடையாளம் தெரியாமல் இணையத்தில் உலாவ உதவும் டார் நெட்வொர்க்கில் மூவாயிரம் ரிலே (இடைச் சர்வர்) வரை போட்டு அதிலும் கை வைத்தார்கள். அனானிமஸ் ஆட்களுக்கே கோபம் வந்து "டாரைத் தொடாதே" என்று எச்சரித்தார்கள். இன்னொரு பக்கம் ஃபைனஸ்ட் ஸ்குவாட் என்று ஒரு கூட்டம் கிளம்பி, லிசர்ட் ஆட்களின் விவரங்களை வெளியிடுகிறோம் என்று இறங்கியது.

முடிவு என்ன? 2015 ஜனவரியில் ஸ்ட்ரெஸ்ஸரையே எவனோ ஹேக் செய்தான். 14,241 வாடிக்கையாளர்களின் பெயரும் பாஸ்வேர்டும் வெளியே வந்தது. பாஸ்வேர்டுகளை மறைகுறியாக்கம்கூடச் செய்யாமல் வைத்திருந்தார்கள்! ஊரையே ஹேக் செய்கிறவர்களின் லட்சணம் அது. நான் எப்போதும் சொல்வது, இந்தக் கூட்டங்களை போலீஸ் பிடிப்பதற்கு முன்னால் அவர்களே ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.

எலிப்பொறி (2.27)
அது ரொம்ப வசதியான கதை. அந்தப் பட்டியல் வெளியே வந்தால் மட்டும் போதுமா? 2015 ஆகஸ்டில் ஸ்ட்ரெஸ்ஸரைப் பயன்படுத்திய பதின்வயதுப் பையன்கள் ஆறு பேரைப் பிடித்தது பிரிட்டன் போலீஸ். தேசியக் குற்றவியல் முகமை. பிடித்த சில நாளில் அந்த முகமையின் வலைத்தளத்தையே டிடாஸ் அடித்தார்கள், அது வேறு.

பழையமோடம் (2.35)
லல்ஸ்செக் என்ற ஹேக்கர் குழுவின் கதையைச் சொல்லுங்கள் பார்ப்போம். தலைவர் சாபு 2011 ஜூனில் எஃப்பிஐயிடம் மாட்டினார். மறுநாளே பக்கம் மாறி, மாதக்கணக்கில் கூடவே இருந்து கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தார். 2012 மார்ச்சில் மற்றவர்கள் கைதானபோதுதான் ஊருக்கே தெரிந்தது. அதே 2011 மே மாதம் அனானிமஸ் அரட்டைச் சர்வரில் நிர்வாகிகளுக்குள் சண்டை வந்து, ஒருவர் சர்வரைக் கைப்பற்றி மற்றவர்களின் ஐபி முகவரிகளை வெளியிட்டார். இதெல்லாம் போலீஸ் செய்ததா?

எலிப்பொறி (2.41)
சாபுவை யார் பிடித்தது? எஃப்பிஐ. அவர் தானாகப் போய் நிற்கவில்லை. உங்கள் உதாரணமே என் பக்கம்தான் பேசுகிறது.

திருகாணி (2.44)
இது உதவிப் பகுதி. சரித்திரம் பேசுகிறவர்கள் அரட்டைப் பகுதிக்குப் போகலாம். நானும் இந்தத் துறையில்தான் இருக்கிறேன், நானெல்லாம் இப்படி நீட்டுவதில்லை.

வயர்மேன் (2.46)
நாட் டைப் 3 என்று சொன்னது நீங்கள்தானே?

அணில்குட்டி (3.30)
ஹாட்ஸ்பாட்டில் சைன் இன் ஆகிறது!! ரவுட்டரில் 100.72 என்று ஆரம்பிக்கிறது. அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்?

வயர்மேன் (3.38)
ரவுட்டரைக் கரண்டிலிருந்து பிடுங்கி, கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள். சில சமயம் வேறு பொது ஐபி கிடைக்கும். கிடைக்காவிட்டால் கேபிள்காரரைக் கூப்பிட்டு, "இந்தப் பொது ஐபியை பிளேஸ்டேஷன் நெட்வொர்க் தடுத்திருக்கிறது, வேறு ஐபிக்கு மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். கேம் என்றால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எரர் எண்ணையும், ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தனி ஐபி வேண்டுமென்றால் மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார்கள், அது உங்கள் விருப்பம்.

ரவுட்டர் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அட்மின், அட்மின் என்று இருந்தால் முதலில் அதுதான். வீட்டில் சிசிடிவி இருந்தால் அதிலும்.

சாம்பார்வடை (4.05)
சிசிடிவிக்கும் கேமுக்கும் என்ன சம்பந்தம்? புரியவில்லை.

எலிப்பொறி (4.19)
2016இல் மிராய் என்று ஒரு போட்நெட், அதாவது வைரஸ் ஏறிய கருவிகளின் படை. கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் கம்பெனி வைத்த 62 பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்து உள்ளே ஏறும். செய்தவர்கள் பெரிய உளவு அமைப்பு ஒன்றும் இல்லை. மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு டிடாஸ் பாதுகாப்பு விற்கும் தொழிலில் இருந்த இளைஞர்கள். போட்டிக்காரனின் சர்வரை அடித்தால் வாடிக்கையாளர் நம்மிடம் வருவார் என்கிற கணக்கு. மோடம் ஐயாவுக்குப் பிடித்த விஷயமும் இதில் இருக்கிறது. மிராய் ஒரு கேமராவில் ஏறியதும் முதல் வேலையாக அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் எதிரிக் கூட்டத்தின் வைரஸைக் கொன்றுவிட்டு, டெல்நெட் என்கிற தொலைநுழைவுக் கதவையும் அடைத்துவிடும். வேறு யாரும் வர முடியாது.

நெருக்கடி வந்ததும் செப்டம்பர் 30 அன்று நிரலை அப்படியே பொதுவில் கொட்டிவிட்டார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஒரு மிராய். அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனம் விழுந்து ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறியது. அதைச் செய்தவர்கள் குறிவைத்தது பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கை என்று அமெரிக்க நீதித்துறை 2020இல் சொன்னது. அவர்களில் ஒருவர் செய்தபோது பதினெட்டு வயதாகாதவர். ஒரு கேம் நெட்வொர்க்கை இறக்கப் போய் பாதி இணையம் படுத்தது.

டிஎன்எஸ்_தாசன் (4.25)
டிஎன்எஸ்!

பழையமோடம் (4.33)
நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள் எலிப்பொறி. ஒருவன் வைரஸை இன்னொருவன் வைரஸ் கொல்கிறது.

எலிப்பொறி (4.40)
இல்லை. மிராய் ஆட்களை நீதிமன்றத்தில் நிறுத்தியது அலாஸ்காவில் இருந்த எஃப்பிஐக்காரர்கள். எதிரிக் கூட்டம் இல்லை.

அணில்குட்டி (ஞாயிறு, காலை 11.10)
கேபிள்காரர் ஐபி மாற்றிக் கொடுத்தார், சைன் இன் ஆகிறது. மேட்சை ஹாட்ஸ்பாட்டில் ஆடினோம், டேட்டா தீர்ந்துவிட்டது. நன்றி அனைவருக்கும்.

வயர்மேன் (11.32)
நல்லது. ரவுட்டர் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? வைரஸ் ஏறியிருப்பது உங்கள் வீட்டுப் பொருளிலேயே என்றால் புது ஐபியும் கொஞ்ச நாளில் தடைபடும். எந்த மாடல் என்று சொன்னால் எங்கே மாற்றுவது என்று சொல்கிறேன்.

திருகாணி (மாலை 6.02)
தலைப்பில் "தீர்ந்தது" என்று போடவும்.

வயர்மேன் (திங்கள், காலை 9.15)
அணில்குட்டி, ரவுட்டர் மாடல்?