மூன்று குரோமோசோமில் இரண்டு மட்டும் நகலெடுப்பில் தாமதம், ஏன்? அவசர உதவி

கயல்_12:
நாளைக் காலை கைடிடம் படம் காட்ட வேண்டும். 47 குரோமோசோம் உள்ள மனித செல் வளர்ப்பு. கூடுதலாக இருப்பது சி குரூப் (நடுத்தர அளவுக் குரோமோசோம்கள்). அளவை வைத்து 7 என்று குறித்திருக்கிறேன். பிஆர்டியு (டிஎன்ஏ நகலாகும்போது அதன் கட்டுமானப் பொருளான தைமிடினுக்குப் பதில் ஏறுவது) கொடுத்து, ஹோக்ஸ்ட் சாயம் போட்டு, வெளிச்சம் காட்டி, ஜீம்சா சாயம் ஏற்றினேன். பிஆர்டியு ஏறிய இடம் வெளுக்கும். மூன்றில் ஒன்று மற்றவை போலப் பட்டை பட்டையாக இருக்கிறது. இரண்டு மட்டும் நுனிக்கு நுனி வெளுத்திருக்கின்றன. கூடுதல் பிரதி இருந்தால் நகலெடுப்பு தாமதமாகுமா?

நுண்வலை:
பிஆர்டியு முதலில் கொடுத்து அப்புறம் தைமிடினுக்கு மாற்றினீர்களா, கடைசி சில மணி நேரம் மட்டுமா? முதல் முறையில் வெளுத்தது முந்தி நகலெடுத்தது. இரண்டாவதில் பிந்தி நகலெடுத்தது. இதைச் சொல்லாமல் படத்தை வாசிக்கவே முடியாது. எத்தனையாவது பாசேஜ் (புதுக் குடுவைக்கு மாற்றியது)?

செல்தோட்டம்:
மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் புகும் நுண் பாக்டீரியா) சோதித்தீர்களா? அது தைமிடினையே சிதைத்துவிடும். எனக்கு மூன்று மாத வேலை அப்படித்தான் போனது.

நுண்வலை:
அது இருந்தால் எல்லாக் குரோமோசோமிலும் குழப்பம் தெரியுமே, இரண்டை மட்டும் தேடிப் பிடிக்காதே.

பழையகுடுவை:
அடிப்படையைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கப் பழகுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நகலெடுப்பதில்லை என்று ஹெர்பர்ட் டெய்லர் 1960-லேயே சீன வெள்ளெலி செல்களில் கதிரியக்க ட்ரிடியம் தைமிடின் ஏற்றிக் காட்டிவிட்டார். அந்தக் கதிர் ஃபிலிமில் பதிக்கும் வெள்ளி மணிகளை எண்ணிப் பழகியவருக்கு இந்தச் சந்தேகம் வராது.

செல்தோட்டம்:
மணி எண்ணலாம் சார், ஆனால் ஃபிலிமை நாள்கணக்கில் இருட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். பட்டையும் இவ்வளவு துல்லியமாகத் தெரியாது.

பழையகுடுவை:
துல்லியம் கண்ணில் இருக்கிறது, சாயத்தில் இல்லை.

இடைநிலை:
கயல், செல் ஆணுடையதா பெண்ணுடையதா? அதைச் சொல்லவே இல்லை. அளவை மட்டும் பார்த்தால் எக்ஸும் 6, 7 பக்கத்தில்தான் வந்து உட்காரும். ஆட்டோசோமில் (எக்ஸ், ஒய் அல்லாதவை) மூன்றாவது பிரதி பொதுவாகத் தன் ஜோடிகளோடு ஒன்றாகவே நகலெடுக்கும். கூடுதல் என்பதற்காகப் பின்தங்குவதில்லை. மூன்றில் இரண்டு தாமதம் என்றால் எனக்கு 47,எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றுதான் தோன்றுகிறது. ஒரு எக்ஸ் வேலை செய்யும், மற்ற இரண்டும் அடங்கிவிடும். அடங்கிய எக்ஸ், டிஎன்ஏ நகலாகும் எஸ் கட்டத்தின் கடைசியில்தான் நகலெடுக்கும். பட்டையோடு இருக்கும் அந்த ஒன்றை மற்ற சி குரூப் ஜோடிகளோடு ஒப்பிடுங்கள். பிரியாத செல்களில் உட்கரு ஓரமாக பார் பாடி (அடங்கிய எக்ஸ் சுருண்ட புள்ளி) எண்ணுங்கள், இரண்டு தெரிய வேண்டும்.

செல்தோட்டம்:
ஹீலாவும் (ஆய்வகங்களில் வளர்க்கும் புற்று செல் வரிசை) பெண் செல்தானே? அதில் ஒரு பார் பாடிகூட நான் பார்த்ததில்லை.

இடைநிலை:
ஹீலா அடங்கிய எக்ஸையே இழந்துவிட்டது. அதை வைத்து இதை அளக்காதீர்கள்.

பழையகுடுவை:
எக்ஸ் தாமதம் என்பதும் டெய்லர் அப்போதே கண்டதுதான்.

கயல்_12:
பெண் செல்தான். பிஆர்டியு கடைசி 6 மணி நேரம், பாசேஜ் 5. பட்டையை ஒப்பிட்டேன், 7 ஜோடி தனியாக வேறு இடத்தில் இருக்கிறது, நான்தான் மாற்றிக் குறித்திருக்கிறேன். நிறைய செல்களில் பார் பாடி இரண்டு. எக்ஸ் புரோப் (எக்ஸில் மட்டும் ஒட்டும் அடையாள டிஎன்ஏ துண்டு) கேட்டிருக்கிறேன். நன்றி, ஓடுகிறேன்.

நுண்வலை:
புரோப் முடிவு வந்ததும் போடுங்கள். மைக்கோபிளாஸ்மாவையும் பார்த்துவிடுங்கள்.