அனுப்பியவருக்குத் தெரிகிறது, மேலாளருக்குக் காலிக் கட்டம்: அவுட்லுக் ஃபார்ம், பர்மிஷன் அனுபவங்கள்

கோப்புக்கட்டு:
ஒரு அலுவலகத்தில் அவுட்லுக்கில் செய்த விடுப்பு விண்ணப்ப ஃபார்ம், ஐபிஎம்.நோட்.லீவ் என்ற பெயரில் பப்ளிஷ் ஆனது, அதாவது மற்றவர்களும் பயன்படுத்த வெளியிடப்பட்டது. அனுப்புகிறவர் தேதி, காரணம், பொறுப்பு யாரிடம் என்று எல்லாம் நிரப்பித்தான் அனுப்புகிறார். மேலாளர் திறந்தால் கட்டங்கள் வரிசையாக இருக்கின்றன, உள்ளே ஒரு எழுத்து இல்லை. "வெறும் தாளை அனுப்பிட்டு லீவு கேட்டா எப்படி?" என்று அவர் திருப்பி அனுப்பிய பதில் அந்த அலுவலகம் முழுக்கச் சுற்றியது.

இதில் மூன்று கோளாறுகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கட்டம் இருந்து உள்ளே காலி என்றால், கட்டம் எந்த ஃபீல்டோடும் (நிரப்பியதைச் சேமிக்கும் இடம்) பிணைக்கப்படவில்லை. டிசைன் முறையில் கட்டத்தின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், வேல்யூ தாவல், அங்கே நியூ கொடுத்து ஒரு ஃபீல்டு உண்டாக்க வேண்டும். பிணைக்காத கட்டத்தில் தட்டச்சு செய்தது மெயிலோடு போகாது. கட்டமே காணோம் என்றால், அனுப்புகிறவர் நிரப்பும் கம்போஸ் பக்கத்தில் மட்டும் வரைந்து, பெறுபவர் பார்க்கும் ரீட் பக்கத்தை மறந்திருக்கிறார்கள். எடிட் ரீட் பேஜ் போய், கம்போஸில் உள்ளவற்றை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் போதும். வழக்கமான மெயில் மாதிரியே திறந்தால், பெறுபவரின் அவுட்லுக்குக்கு அந்த ஃபார்ம் எங்கேயும் கிடைக்கவில்லை. இந்த மூன்றாவதுக்கு ஃபார்மைத் திருத்தி உட்கார்ந்திருப்பதில் பயனே இல்லை.

மேலே சொன்ன அலுவலகத்தில் முதல் காரணம். பிணைத்து மறுபடி பப்ளிஷ் செய்த பிறகும் இரண்டு பேருக்குப் பழையதே வந்தது. அவுட்லுக்கை மூடிவிட்டு, அவர்கள் கணக்கின் லோக்கல் ஆப்டேட்டாவுக்குள் மைக்ரோசாஃப்ட், ஃபார்ம்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும், ஃபார்மின் பழைய நகலைப் பிடித்துவைத்திருக்கும் எஃப்ஆர்எம்கேஷ்.டேட் கோப்பை அழித்ததும் சரியானது.

ஆறாம்மாடி:
மூன்றாவதுக்கு இவ்வளவு சுற்ற வேண்டாமே. ஃபார்மின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் 'செண்ட் ஃபார்ம் டெஃபினிஷன் வித் ஐட்டம்' என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் ஃபார்மும் மெயிலோடே போய்விடும். எல்லோருக்கும் பொதுவான ஃபார்ம் நூலகமும் (லைப்ரரி) வேண்டாம், அதற்குப் பர்மிஷனும் வேண்டாம்.

சர்வர்அறை:
ஆறாம்மாடி, அந்த டிக்கைப் போட்டுத்தான் ஒரு கொள்முதல் பிரிவு மாட்டிக்கொண்டது. டிக் போட்டால் ஐட்டத்தின் மெசேஜ் கிளாஸ், அதாவது அதை எந்த ஃபார்மில் திறப்பது என்று சொல்லும் வகைப் பெயர், வெறும் ஐபிஎம்.நோட் ஆகிவிடும். வகை பார்த்துப் பிரிக்கும் வியூ, ரூல் எல்லாம் அதைச் சாதா மெயிலாகத்தான் பார்க்கும். ஒவ்வொரு மெயிலும் ஃபார்மைச் சுமந்து கனக்கும். முக்கியமாக, இப்படி வருகிற ஃபார்மில் உள்ள ஸ்கிரிப்ட் (பட்டன்களை இயக்கும் சிறு நிரல்) ஓடாது. அங்கே 'ஒப்புதல்' பட்டன் அழகாகத் தெரிந்தது. அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. ஃபார்மை ஓஎஃப்டி என்ற டெம்ப்ளேட் கோப்பாகப் பொது டிரைவில் போட்டுவைத்தாலும் இதே கதைதான்.

பப்ளிஷ் செய்த ஃபார்மிலும் 2017 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு ஸ்கிரிப்ட் தானாக ஓடாது. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடம் தொட வேண்டும். லோக்கல் மெஷின் கிளையில் ஆஃபீஸ் 16.0, அவுட்லுக், செக்யூரிட்டிக்குள் டிஸேபிள்கஸ்டம்ஃபார்ம்ஐட்டம்ஸ்கிரிப்ட் என்ற டிவேர்டுக்கு (எண் மதிப்பு) 0. கரண்ட் யூசர் கிளையில் ஆஃபீஸ் 16.0, அவுட்லுக், ஃபார்ம்ஸ், டிரஸ்டட்ஃபார்ம்ஸ்கிரிப்ட்லிஸ்ட் என்ற கீயை உண்டாக்கி, அதற்குள் ஃபார்மின் முழு மெசேஜ் கிளாஸ் பெயரில் ஒரு ஸ்டிரிங் (எழுத்து மதிப்பு). முதலாவதை மட்டும் செய்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆஃபீஸ் என்றால் முதலாவது வாவ்6432நோடுக்குள் போக வேண்டும், கிளிக் டு ரன் (இணையம் வழி நிறுவப்படும்) ஆஃபீஸுக்கு அதன் இடமே வேறு. இரண்டாவது ஒவ்வொரு பயனருக்கும் தனி. அதனால் எல்லாக் கணினிக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்பை அனுப்பும் குரூப் பாலிசியில் தள்ளிவிடுங்கள், கணினி கணினியாக ஓட வேண்டாம்.

எல்லோருக்கும் ஃபார்ம் கிடைக்க ஒழுங்கான இடம் ஆர்கனைசேஷனல் ஃபார்ம்ஸ் லைப்ரரி. மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் அது தானாக இருக்காது. பப்ளிக் ஃபோல்டர் மெயில்பாக்ஸ் ஒன்று முதலில் வேண்டும். பிறகு பவர்ஷெல் என்ற கட்டளைத் திரையில் நான்_ஐபிஎம்_சப்ட்ரீக்குள் ஈஃபார்ம்ஸ் ரெஜிஸ்ட்ரியின் கீழே நியூ-பப்ளிக்ஃபோல்டர், அடுத்து செட்-பப்ளிக்ஃபோல்டரில் ஈஃபார்ம்ஸ்லொக்கேல்ஐடி. அந்த மொழிக் குறியைக் கொடுக்காமல் விட்டுவிட்டு, பப்ளிஷ் செய்யப் போகும்போது லைப்ரரியைக் காணோம் என்று தேடுவார்கள். பப்ளிஷ் செய்யும் ஒரே கணக்குக்கு ஓனர் (எல்லா உரிமையும்), மற்ற அனைவருக்கும் ரிவ்யூவர் (படிக்க மட்டும்). அவ்வளவுதான்.

ஒரே ஃபார்மை பர்சனல் லைப்ரரியிலும் இதிலும் சேர்த்து வைக்காதீர்கள். எந்தப் பதிப்பு திறக்கும் என்று ஜோசியம் பார்க்க வேண்டிவரும்.

நெல்லுமூட்டை:
ஃபார்ம் கோளாறை விடுங்க, பர்மிஷன் கோளாறுதான் பயம். ஒரு இடத்துல விடுப்பு மெயிலெல்லாம் பப்ளிக் ஃபோல்டர்ல (அலுவலகத்துக்கே பொதுவான ஃபோல்டர்) விழுற மாதிரி வச்சிருந்தாங்க. ஒரு ஊழியர் தன்னோட விண்ணப்பம் போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்க ஃபோல்டரத் திறந்தார். பக்கத்து சீட்டுக்காரரோட அறுவை சிகிச்சை விவரம் கண்ணுல பட்டுச்சு. ஊழியரு தப்பா எதுவும் செய்யல. புதுசா உண்டாக்குற பப்ளிக் ஃபோல்டர்ல டிஃபால்ட்டுக்கு, அதாவது தனியா பர்மிஷன் குடுக்காத ஊழியர் எல்லாருக்கும், ஆத்தர்னு ஒரு ரோல் இருக்கும். ஆத்தர்னா தன்னுடையதை மட்டும் திருத்தலாம், அழிக்கலாம். ஆனா எல்லாருடையதையும் படிக்கலாம். பேரைப் பார்த்து ஏமாறக் கூடாது. போட மட்டும் விட்டுப் படிக்க விடாத ரோல் கான்ட்ரிபியூட்டர்.

இதுக்கு பல பேர் சேர்ந்து கையாளுற ஷேர்டு மெயில்பாக்ஸே தேவலை. அனுப்புறவங்களுக்கு அதுல ஒரு பர்மிஷனும் தேவையில்ல. கையாளுறவங்களுக்கு மட்டும் ஃபுல் ஆக்சஸ். அதைக் குடுத்துட்டு "அனுப்ப முடியல"ன்னு கேட்டா, அந்தப் பெட்டி பேர்ல அனுப்ப விடுற செண்ட் அஸ் தனியா குடுக்கணும். ஃபுல் ஆக்சஸ்ல அது அடங்காது. குரூப் வழியா குடுத்தா மெயில்பாக்ஸ் தானா அவுட்லுக்ல வந்து உக்காராது, ஆட்டோமேப்பிங் தனி ஆளுக்குத்தான் வேலை செய்யும். அனுப்புன பதில் அனுப்புனவரோட சொந்த செண்ட் ஐட்டம்ஸுக்குப் போயிடும். செட்-மெயில்பாக்ஸ்ல மெசேஜ்காப்பிஃபார்செண்ட்அஸ்எனேபிள்டு ட்ரூன்னு வச்சாத்தான் பொதுப்பெட்டியிலயும் ஒரு நகல் விழும். இல்லேன்னா ஒரே விண்ணப்பத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா பதில் போடுவாங்க.

பழையமவுஸ்:
இவ்வளவு படித்த பிறகு ஒரு யோசனை. புதிய அவுட்லுக்கில் கஸ்டம் ஃபார்ம் கிடையாது, வெப்பிலும் கிடையாது, மேக்கிலும் கிடையாது. அந்த ஃபார்ம் ஸ்கிரிப்ட்டுகளை எழுதும் மொழியான விபிஸ்கிரிப்ட்டையே விண்டோஸிலிருந்து படிப்படியாக எடுக்கப்போவதாக 2023இல் அறிவித்தாகிவிட்டது. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு வெள்ளையடிப்பு?

இணையத்தில் நிரப்பும் படிவச் சேவையான மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸுக்கு மாறுங்கள். ஆனால் தனி ஆள் கணக்கில் உண்டாக்காதீர்கள், அவர் வேலையை விட்டுப்போய் கணக்கை நீக்கினால் ஃபார்முக்கும் ஆபத்து. குரூப்பில் உண்டாக்குங்கள், அல்லது இருப்பதை மூவ் கொடுத்து குரூப்புக்கு மாற்றுங்கள். பதில் அளிப்பவர் நிறுவனத்துக்குள் உள்ளவர் மட்டும் என்று வைத்து, பெயரைப் பதிவு செய்யும் டிக்கைப் போடுங்கள். ஃபார்மைச் சேர்ந்து திருத்துவதற்கான கொலாபரேட் லிங்க்கையும் பதில் அளிக்கும் லிங்க்கையும் மாற்றி அனுப்பிவிட்டால் வந்த பதில்கள் எல்லாம் திறந்துகிடக்கும், நெல்லுமூட்டை சொன்ன அதே விபத்து.

பிறகு, வேலைகளைத் தானாக நடத்தும் பவர் ஆட்டோமேட். புதிய பதில் வந்ததும் தொடங்கும் டிரிகர், அடுத்து கெட் ரெஸ்பான்ஸ் டீட்டெயில்ஸ். குரூப் ஃபார்ம் பட்டியலில் வராது. பயப்படாதீர்கள், முகவரியில் ஐடி= என்பதற்குப் பின்னால் இருப்பதை எடுத்து கஸ்டம் வேல்யூவாக ஒட்டுங்கள். ஒப்புதல் கேட்டுக் காத்திருக்க ஸ்டார்ட் அண்ட் வெயிட் ஆக்ஷன். ஒரு ஓட்டம் 30 நாளுக்கு மேல் காத்திருக்காது, அதற்குள் மேலாளர் அழுத்தவில்லை என்றால் அப்படியே முடிந்துபோகும். அதனால் நினைவூட்டலுக்குத் தனிக் கிளை வையுங்கள். பதிலை ஷேர்டு மெயில்பாக்ஸிலிருந்து அனுப்பும் ஆக்ஷனில், இணைப்புக் கணக்குக்கு அந்தப் பெட்டியில் பர்மிஷன் இருக்க வேண்டும்.

கோப்புக்கட்டு:
மாறுவதா வேண்டாமா என்று இங்கே யாரும் கேட்கவில்லை, பழையமவுஸ். மாறுவதற்குப் பணமும் ஆளும் ஒதுக்குகிறவர் இந்தத் திரிக்கு வரப்போவதும் இல்லை. அந்த 30 நாள் விஷயம் மட்டும் நல்ல தகவல்.

பழைய ஃபார்மோடே இருக்கிறவர்களுக்கு ஒன்று விட்டுப்போச்சு. திருத்தும்போது லீவ்2 என்று புதுப் பெயர் வைக்காதீர்கள். ஏற்கெனவே வந்து கிடக்கும் விண்ணப்பங்கள் பழைய மெசேஜ் கிளாஸையே பிடித்துக்கொண்டு நிற்கும், பழைய ஃபார்மை நீக்கினதும் அவையெல்லாம் சாதா மெயிலாகத் திறக்கும். அதே பெயரில், அதே லைப்ரரியில், வெர்ஷன் எண்ணை மட்டும் ஏற்றிப் பப்ளிஷ் செய்யுங்கள். ஏற்கெனவே லீவ்2 ஆகிவிட்டது என்றால், ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு ஐட்டத்தின் மெசேஜ்கிளாஸையும் மாற்றி சேவ் செய்யும் சின்ன விபிஏ மேக்ரோ ஒன்று ஓட்ட வேண்டும். ஓட்டும் ஆளுக்கு அந்த ஃபோல்டரில் குறைந்தது எடிட்டர் (எல்லோருடையதையும் திருத்தும் ரோல்) வேண்டும். ஆத்தர் என்றால் தான் போட்டவை மட்டும் மாறும், மற்றவை அப்படியே கிடக்கும்.