புதுப்பிப்பு: நோட்டுச் சண்டை அப்புறம் என்ன ஆச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, மொரீஷியஸில் எங்கள் ரோஸ்ஹில் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி 1998-ஆம் வருஷத்து ரூபாய் நோட்டு விவகாரத்தைப் பற்றிக் கேட்கப்போய், 'விவகாறம்' என்று எழுதியதற்காக நாலு பேர் கிண்டலடித்து, அவன் குழுவை விட்டே போய்விட்டான் என்று. (புது நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை அச்சடித்து, மொரீஷியஸ் தமிழர்கள் கொதித்தெழுந்ததும் நோட்டையே திரும்பப் பெற்றார்களே, அதேதான்.)

குழுவை மூடிவிடு என்று பலர் சொன்னீர்கள். மூடவில்லை. கிண்டலைத் தொடங்கிய அண்ணனுக்குத் தனியாகப் போன் போட்டேன். எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தால் ரோஷம்தான் வந்திருக்கும். "வீட்டில் கிரியோல் (இங்கே எல்லாரும் பேசும் மொழி) பேசி வளர்ந்த பிள்ளை அண்ணே, தமிழில் தட்டினதே பெரிசு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. ராத்திரி அவரே தன் பர்ஸிலிருந்த இருபத்தைந்து ரூபாய் நோட்டைப் படமெடுத்து, தமிழ் வரியை வட்டமிட்டு, கதை முழுவதையும் குரல் பதிவாகத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். பதினோரு நிமிடம்!

தம்பி திரும்பி வந்துவிட்டான். மற்ற மூன்று பேரில் ஒருத்தர் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சரி, இருக்கட்டும். தம்பியின் எழுத்து இன்னும் 'விவகாறம்'தான். அண்ணன் திருத்தத்தை இப்போது தனிச் செய்தியில் அனுப்புகிறார், அதுவும் ஒரு நாளைக்கு ஒன்றுதான்.