வகுப்பில் பிறந்தநாள்: மே மாதப் பிள்ளைகளுக்கு என்ன செய்வது?

ஈராசிரியர்பள்ளி எழுதியது:

வணக்கம். நான் அரசு தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஈராசிரியர் பள்ளி, மொத்தம் 41 பிள்ளைகள். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியையிடம். மாறுதலில் இந்த ஊருக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது.

பிறந்தநாள் வந்தால் எங்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். மற்றவர்கள் எல்லாம் சீருடையில் இருக்க அந்த ஒரு ஆள் மட்டும் கலர் டிரஸ், கையில் ஒரு பாக்கெட் மிட்டாய், துணைக்கு ஒருத்தர். அந்தத் துணை ஆளாகப் போவதற்கு ஒரு வாரம் முன்பே சிபாரிசு நடக்கும். இதுவரைக்கும் சரி. இப்போது நாலைந்து வீட்டில் கேக் கொண்டுவந்து, வகுப்பில் வைத்து வெட்டி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்துவிட்டார்கள். போன நவம்பரில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒரு நாள் வரவில்லை. மறுநாள் கேட்டால் காய்ச்சல் என்றாள். இரண்டு நாள் கழித்து அவள் பக்கத்தில் உட்காருகிறவள் என் காதில் வந்து, "டீச்சர், அன்னைக்கு அவளுக்குப் பொறந்தநாளு, மிட்டாய் வாங்கக் காசு இல்லைன்னு அவங்க ஆயா போக வேணாம்னுருச்சு" என்கிறது. எனக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த ஜூனில் பள்ளி திறந்ததும் சுவரில் பிறந்தநாள் ரயில் ஒட்டினேன். பன்னிரண்டு பெட்டி, மாதத்துக்கு ஒன்று, அதில் பிள்ளைகளின் பெயர். இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று மே மாதப் பெட்டியில் தன் பெயரைக் கண்டுபிடித்துவிட்டு, "டீச்சர், இந்தப் பெட்டி மட்டும் எப்பவும் லீவா?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை.

வகுப்பில் பிறந்தநாளே வேண்டாம் என்று நிறுத்திவிடலாமா? தலைமை ஆசிரியை, "ஊர்க்காரங்ககிட்ட வம்பு வேணாம்மா" என்கிறார். நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

*

சாக்பீஸ்தூள் எழுதியது:

டீச்சர், நிறுத்தாதீங்க. நாங்கள் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை என்று வைத்துவிட்டோம், மூன்று வருடமாக ஓடுகிறது. அந்த மாதம் பிறந்த எல்லோருக்கும் ஒரே நாள். வீட்டிலிருந்து எதுவும் வரக் கூடாது என்பதைப் பெற்றோரும் இருக்கிற பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லி, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டோம். அந்த நோட்டுதான் உங்களுக்குக் கவசம். யாராவது கேக்கோடு வந்து நின்றால், "நான் என்ன பண்ண, உங்க குழு போட்ட தீர்மானம்" என்று சொல்லலாம்.

சின்ன வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து எப்படியும் படைப்புக் களம், அதாவது கைவேலை மூலை, என்று கத்தரிக்கோலும் கலர் பேப்பருமாகத்தானே உட்கார்ந்திருக்கிறோம், அதிலேயே கிரீடம் செய்ய வைத்துவிடுவேன். தன் கிரீடத்தைத் தானே செய்யக் கூடாது என்பதுதான் ஒரே விதி, இன்னொருத்தர்தான் செய்து தர வேண்டும். அப்புறம் ஒரு பெரிய சார்ட். அந்தத் திட்டத்தில் மேல் நிலையான மலர் பிள்ளைகள் பிறந்தநாள் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும், நடு நிலையான மொட்டு இரண்டு வார்த்தை எழுதினால் போதும், தொடக்க நிலையான அரும்பு படம் வரையலாம். முதல் மாதம் எல்லோரும் "இவன் நல்லவன்", "இவள் நல்லவள்" என்று எழுதித் தள்ளினார்கள். நல்லவன் என்ற சொல்லுக்குத் தடை போட்டேன். அடுத்த மாதம் ஒருத்தன் எழுதினான்: "இவன் பென்சில் குடுப்பான் ஆனா திருப்பிக் கேப்பான்." அந்தப் பையன் சார்ட்டைக் கிழியாமல் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான்.

மே மாதத்தை நாங்கள் ஏப்ரல் கடைசியில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் அந்த நேரம் தேர்வு, வெயில், பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். மனசுக்கு நிறைவாக இருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

*

பழைய தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, நான் 1972இல் வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் காலத்தில் உங்களுக்கு வந்த பிரச்சினை தலைகீழ். பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே தெரியாது. "அந்தப் புயலடிச்ச வருசம்", "மூத்தவளுக்குக் கல்யாணம் ஆன மறுமாசம்" என்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம், தொட்டால் ஐந்து வயது. சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தேதி போட்டாக வேண்டுமே, ஜூன் மாதத்துக்குள் வயது நிரம்புகிற மாதிரி மே, ஜூனில் ஏதாவது ஒன்றை எழுதிவிடுவோம். என் முதல் வகுப்பில் பதினோரு பேருக்கு ஒரே பிறந்தநாள். எல்லாம் என் கைவண்ணம். அதில் ஒருவர் போன மாதம் போன் செய்து, "சார், நீங்க ஒரு வருசம் தள்ளிப் போட்டிருந்தா இன்னும் ஒரு வருசம் சர்வீஸ் இருந்திருக்கும்" என்கிறார். ஓய்வு பெறப் போகிற மனுசர், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அதனால் தேதியைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மே மாதப் பிள்ளைகளுக்கு என் யோசனை ஜூலை 15. காமராசர் பிறந்தநாள், 2006இலிருந்து கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். பேச்சு, பாட்டு, படத்துக்கு மாலை என்று எப்படியும் விழா உண்டு, சத்துணவில் சர்க்கரைப் பொங்கலும் உண்டு. பெற்றோரும் நாலு பேர் வருவார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, கிரீடம் வைத்து, முதல் பொங்கலை அவர்கள் கையால் பரிமாறச் சொல்லுங்கள். காமராசரோடு சேர்ந்து பிறந்தநாள் என்றால் எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்?

*

ரெண்டு பிள்ளை அம்மா எழுதியது:

தனியார் பள்ளியிலிருந்து ஒரு அழுகுரல். கேக் நின்றால் போட்டி நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். எங்கள் பள்ளியில் கேக், சாக்லேட் இரண்டுக்கும் தடை போட்டார்கள், சந்தோஷப்பட்டோம். உடனே ரிட்டர்ன் கிஃப்ட் வந்தது. முதலில் பென்சில், அப்புறம் பென்சில் பாக்ஸ், அப்புறம் பெயர் அச்சடித்த தண்ணீர் பாட்டில். என் பெரியவன் வகுப்பில் 38 பேர், கணக்குப் போட்டுப் பாருங்கள். சரி என்று அதற்கும் தடை போட்டு, வகுப்பு நூலகத்துக்கு ஒரு புத்தகம் கொடுத்தால் போதும் என்றார்கள். இப்போது யார் புத்தகம் பெரிசு, யாருடையதில் பட்டனை அமுக்கினால் சத்தம் வரும் என்று நடக்கிறது. நான் நாற்பது ரூபாய்க்கு ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் கொடுத்தனுப்பினேன், சின்னவள் அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை, திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்.

எதுவும் வீட்டிலிருந்து வரக் கூடாது என்று மேலே சொன்னாரே, அதுதான் சரி. புத்தகம்கூட வேண்டாம்.

*

மிட்டாய்க்காரன் எழுதியது:

எல்லோரும் திட்டினாலும் பரவாயில்லை, நான் மாற்றித்தான் சொல்வேன். என் அப்பா கூலி வேலைக்குப் போனவர். வருடத்தில் அந்த ஒரு நாள் எனக்குத் தேன்மிட்டாய் பாக்கெட் வாங்கித் தருவார். அதைத் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனதும், தலைமையாசிரியர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றதும், அவர் ஒன்றுக்கு இரண்டாக எடுத்து ஒன்றை என் வாயிலேயே போட்டதும் நாற்பது வயதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாதக் கடைசி வெள்ளியில் ஆறு பேரோடு வரிசையில் நிறுத்தினால் அது பிறந்தநாளா, தடுப்பூசி முகாமா?

கேக்கை நிறுத்துங்கள், நானும் கை தூக்குகிறேன். கலர் டிரஸையும் மிட்டாயையும் விட்டுவிடுங்கள். இல்லாத பிள்ளைக்கு டீச்சரே மேசை டிராயரில் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் வைத்திருந்து, யாருக்கும் தெரியாமல் முதல் மணியிலேயே கையில் கொடுத்துவிடலாம். எங்கள் டீச்சர் அப்படித்தான் செய்தார் என்று எனக்கு ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

*

வன்னிரீச்சர் எழுதியது:

நான் இலங்கையில், வன்னிப் பக்கம் தரம் 2 படிப்பிக்கிறேன். இங்கேயும் பிறந்தநாள் கேக் கரைச்சல் இருக்குதுதான். ஆனால் எங்கட பிள்ளைகள் வருசம் முழுக்கக் காத்திருக்கிறது பிறந்தநாளுக்கில்லை, சந்தைக்குத்தான். மாணவர் சந்தை என்று ஒரு நாள் வைப்போம். வீட்டு வளவில் இருக்கிறதைப் பிள்ளைகள் கொண்டுவந்து மேசையில் பரப்பி விற்கிறது: முருங்கைக்காய், தேசிக்காய் (உங்கட எலுமிச்சை), வல்லாரை, இரண்டு தேங்காய். அம்மாமார்தான் வாங்க வருவினம். காசு எண்ணுறது, மிச்சம் கொடுக்கிறது எல்லாம் பிள்ளைகளே. போன முறை ஒருவன் மூன்றே மூன்று தேசிக்காயோடு வந்தான். நான் விலை கேட்காமல் வாங்கப் போக, "ரீச்சர், குறைச்சுக் கேளுங்கோ, அப்பதான் நான் ஏலாது எண்டு சொல்லலாம்" என்றான்.

வாணி விழாவும் அப்படித்தான். எங்கட பள்ளியில் நவராத்திரியில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வகுப்பின் பொறுப்பு. அவல், கடலை யார் கொண்டுவந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாம் ஒரே பாத்திரத்தில் விழுந்துவிடும். ஒக்டோபர் முதலாம் திகதி சிறுவர் தினத்துக்கும் அதே பாத்திரம்தான். உங்கட பிள்ளைகள் கொண்டுவாறதையும் அப்படி ஒரு பாத்திரத்தில் போட்டுப் பங்கிட ஏலாதோ?

*

ஈராசிரியர்பள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தலைமை ஆசிரியையிடம் போனையே கொடுத்து முழுவதும் படிக்க வைத்தேன். தடுப்பூசி முகாம் வரியில் சிரித்துவிட்டார், அதனால் பாதி வேலை முடிந்தது.

இப்போதைக்கு முடிவு இது. கேக் கிடையாது, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுதிவிடுகிறோம். கலர் டிரஸ் உண்டு, அந்தந்த நாளிலேயே. மிட்டாய் கொண்டுவந்தால் காலையிலேயே அலுவலக அறை டப்பாவில் போட்டுவிட வேண்டும், இல்லாதவர்களுக்கும் அதே டப்பாதான். யார் போட்டது, யார் போடவில்லை என்று வகுப்புக்குத் தெரியாது. தூக்கிக்கொண்டு சுற்றி வருவது எல்லோருக்கும் உண்டு, துணை ஆளோடு. மே மாதத்துக்கு ஜூலை 15. என்னிடம் மூன்று பேர், மேடத்திடம் இரண்டு பேர்.

அந்தக் குட்டியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ காமராசருக்குக் கிரீடம் யாரு செய்யறது?" என்று கேட்டது. ஆக ஆறு கிரீடம்.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதுமா, இல்லை ஃபெவிகால் வாங்க வேண்டுமா?

*

சாக்பீஸ்தூள் எழுதியது:

மைதா போதும் டீச்சர். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடச் சொல்லி யாராவது வருவார்கள், போட்டுவிடாதீர்கள், அது விஷம். ஒன்றாம் வகுப்பு விரலை நக்கும்.