நல்ல இணையத்தளங்களை எங்கே தேடிப் பிடிக்கிறீங்கள்?

களுவாஞ்சிக்குடித் தம்பி:
வலைப்பூவில் வாரம் ஒரு வித்தியாசமான தளத்தை அறிமுகப்படுத்துகிறேன், ஆனால் கூகுளில் எதைத் தேடினாலும் அதே பத்துத் தளந்தான் வருகிறது. நீங்கள் எல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

கல்லடி அக்கா:
தம்பி, ஒரு தளம் பிடித்தால் அதன் ‘இணைப்புகள்’ பக்கத்தைப் பாருங்கோ, அங்கிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று என்று போய் எனக்கு ஒருநாள் சோறே தீய்ந்துவிட்டது. இணைப்பு செத்திருந்தால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் முகவரியைப் போடுங்கோ, 1996இலிருந்து சேமித்த பக்கங்கள் கிடக்கு.

அக்கரைப்பற்று நானா:
ரேடியோ கார்டன் பார்த்தீங்களா? பூமிப்பந்தைச் சுழற்றிப் பச்சைப் புள்ளியைத் தொட்டால் அந்த ஊர் வானொலி நேரடியாகப் பாடும். 2016இல் வந்தது.

பாலத்தடி:
எனக்கு ரேடியோ அப்போரீ வரைபடம். உலகமெங்கும் ஆட்கள் தங்கள் ஊர்ச் சத்தத்தைப் பதிந்து, எடுத்த இடத்திலேயே குத்தி வைக்கிறார்கள். நிலவு நாளில் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் தோணித் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காது வைத்து மீன் பாட்டுக் கேட்கிற கதை நமக்குத் தெரியும், அதை யாராவது ஒழுங்காகப் பதிந்து ஏற்றினால் என்ன?

களுவாஞ்சிக்குடித் தம்பி:
பாலத்தடி அண்ணே, தோணி இருக்கா? மைக் என்னிடம் இருக்கு.