புதுப்பிப்பு: ஏலத்தில் எடுத்த ஆரஞ்சு ஹெச்எம்டி

ஆன்லைன் ஏலத்தில் ஆரஞ்சும் நீலமுமாக ஒரு பழைய ஹெச்எம்டி ஜனதா கைக்கடிகாரம் 1,100 ரூபாயில் நிற்கிறது, எடுக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். 1,350-க்கு எனக்கே விழுந்தது.

டயல் புதுப் பெயின்ட் என்று எச்சரித்தவர்கள் சொன்னதே சரி. தாராவி 90 அடி ரோட்டில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் திருநெல்வேலி அண்ணாச்சி லென்ஸைக் கண்ணில் இடுக்கியதுமே, "தம்பி, எழுத்தெல்லாம் பிசிறடிக்கு பாருங்க. நிமிசக் கோடும் சமமா இல்ல" என்றார். பழைய வாட்சின் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து விற்பது, சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று சொல்லும் ரகம். விற்றவர் 'ஒரிஜினல்' என்று எழுதியது பொய். அது இன்னும் உறுத்துகிறது.

ஆனால் பின்மூடியைத் திறந்ததும் மனசு ஆறிவிட்டது. உள்ளே துருவில்லாத 17 ஜுவல் (தேய்மானம் குறைக்கும் சிறு கற்கள்) மெஷின், கையால் சாவி கொடுப்பது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் ஹெச்எம்டி கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. அந்த வழியில் வந்தது இது. கழுவி எண்ணெய் விட 400 ரூபாய் ஆனது.

அப்பா கட்டியிருந்ததும் ஜனதாதான், வெள்ளை டயல். காதருகே வைத்தால் அதே சத்தம். திருப்பி அனுப்பவில்லை. காலையில் காபிக்கு முன் சாவி கொடுக்கிறேன். நாளுக்கு ஒரு நிமிடம் முந்துகிறது.