8×42-ஆ, 10×42-ஆ? கோடியக்கரைக்குப் பைனாகுலர் வாங்க யோசனை தேவை

வணக்கம். ஜனவரியில் கோடியக்கரையில் உள்ளான்களையும் பூநாரைகளையும் பார்க்க எங்கள் குழுவுக்கு இரண்டு பைனாகுலர் வாங்க வேண்டும். தலா 15,000 ரூபாய் வரை போகலாம்.

சேற்றுத் திடலில் பறவைகள் வெகு தூரத்தில் நிற்கும், அதற்கு 10 மடங்கு பெரிதாக்கும் 10×42 நல்லது (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்லென்ஸின் விட்டம், மி.மீ.-இல்). ஆனால் கடற்காற்றில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 8×42-இல் 5.25 மி.மீ., 10×42-இல் 4.2 மி.மீ. விடியற்காலை மங்கலில் இந்த வித்தியாசம் தெரியும். மோனோகுலர் வேண்டாம்; 8×25-இல் 3.1 மி.மீ.தான், ஒற்றைக் கண்ணால் நெடுநேரம் பார்ப்பதும் சிரமம்.

இருவர் மூக்குக்கண்ணாடி அணிபவர்கள். ஆகவே ஐ ரிலீஃப் (முழுக் காட்சியும் தெரியக் கண்ணுக்கும் கண்லென்ஸுக்கும் இடையே இருக்கும் தூரம்) 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பேக்-4 என்னும் உயர்தரக் கண்ணாடியாலான ப்ரிஸமும் நைட்ரஜன் நிரப்பி நன்றாக அடைத்த உடலும் கட்டாயம். இல்லாவிட்டால் கடலோர ஈரம் புகுந்து உள்லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும், அதைக் கழற்றித் துடைத்தால் இரு குழல்களின் நேர்கோடு கலைந்து இரட்டை உருவம் தெரியும்.

இந்த விலைக்குள் ஃபேஸ் கோட்டிங் (காட்சியின் கூர்மை குறையாதிருக்க ப்ரிஸத்தில் இடும் பூச்சு) உள்ள மாடல் எது? 10×42-ஐ முக்காலியில் பொருத்தி உப்பளப் பக்கம் பயன்படுத்தியவர்கள் இருந்தால், முக்காலியோடு இணைக்கும் அடாப்டர் காற்றில் ஆடாமல் நிற்கிறதா என்றும் சொல்லுங்கள்.